காரீயமும் குழந்தையின் மூளையும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்றரை வயதுக் குழந்தை ஜன்னல் திண்டில் நின்றுகொண்டு தெருவை வேடிக்கை பார்க்கிறது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருக்கிறது. பல் முளைக்கிற நேரம், ஈறு ஊறுகிறது, வாயைக் கொண்டுபோய்க் கம்பியில் வைத்துக் கடிக்கிறது. எப்போதோ அடித்த பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து நிற்கும் கம்பி அது. நகக்கண் அளவு ஒரு செதில் உதட்டில் ஒட்டி உள்ளே போய்விடுகிறது. குழந்தை அழவில்லை, வாந்தி எடுக்கவில்லை, காய்ச்சல் வரவில்லை. அம்மா வந்து தூக்கிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டுகிறாள்.

அந்தச் செதிலில் காரீயம் இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தப் பக்கம். பிஞ்சு வயதில் உடம்புக்குள் போகும் நச்சுகளில் பாதரசம் உண்டு, பூச்சிமருந்து உண்டு, மது உண்டு. அதிகமாக ஆராயப்பட்டதும், நம் வீடுகளில் இன்றும் இருப்பதும் காரீயம் என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஈயம் என்றால் எந்த ஈயம்? எங்கள் வீட்டில் ரசம் வைப்பதே ஈயச் சொம்பில்தான்.

இந்தக் குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உள்பூச்சும் வெள்ளீயம். அதில் ரசம் வைப்பதால் ஆபத்து இல்லை. காரீயம் வேறு, ஆங்கிலத்தில் லெட் என்பது இதுதான். கறுத்தது, கனமானது, வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு எடை. பேட்டரியில் இருப்பது அதுதான். விலையும் மிகக் குறைவு, அதனால் வெள்ளீயத்தில் அதைக் கலந்துவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் முன்பு "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ" என்று கூவிக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரியை ஊதி, பித்தளைத் தவலையைக் காய வைப்பார். நவச்சாரத்தைத் தூவியதும் வெள்ளைப் புகை கிளம்பும். ஈயக் குச்சியை ஒரு இழு இழுத்து, துணியால் சுற்றித் துடைத்தால் உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிடும். அவர் கையில் இருந்த குச்சி சுத்தமான வெள்ளீயமா என்பது அவருடைய நேர்மையை மட்டுமே நம்பியிருந்தது. இன்றும் அப்படித்தான். காரீயத்தை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழும். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. பரம்பரைச் சொம்பு இருந்தால், குறிப்பாகப் புளி சேர்ந்த ரசத்துக்கு அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஒருமுறை உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். புளிப்பு உலோகத்தைக் கரைத்து இழுக்கும்.

காரீயம் மூளைக்குள் போய் என்ன செய்கிறது?

கால்சியம் மாதிரி நடிக்கிறது. மொத்தக் கேடும் இந்த ஒரு நடிப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

நரம்பு முனையிலிருந்து அடுத்த நரம்புக்குச் செய்தி போக வேண்டும் என்றால் கால்சியம் வந்து கதவைத் தட்ட வேண்டும். அந்த இடத்தில் காரீயம் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேண்டாத நேரத்தில் செய்தி கசிகிறது, வேண்டிய நேரத்தில் போகாமல் நிற்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. கால்சியத்துக்காகத் திறந்த வழியில் இதுவும் நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும், கற்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் அடிப்படையான ஒரு வகை ஏற்பிகளை, அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் இடங்களை, அடைத்துக்கொள்கிறது.

முதல் சில வருடங்களில் மூளை தேவைக்கு அதிகமாக இணைப்புகளைப் போட்டுக்கொள்ளும். பிறகு பழக்கத்தில் இருப்பதை வலுவாக்கி, மற்றதைக் கழித்துவிடும். எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று தீர்மானிப்பது நரம்புகளில் ஓடும் அந்தச் செய்திதான். செய்தியே தப்பாக ஓடும் காலத்தில் கட்டின வீடு பிறகு தானாகத் திருந்திக்கொள்வதில்லை.

மூளையோடு இது நிற்பதும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாவதைத் தடுக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது.

அதே வீட்டில்தான் நாங்களும் இருக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். சின்னக் குழந்தையின் குடல் பாதி வரைக்கும் உறிஞ்சிவிடும். பட்டினி வயிறு என்றால் இன்னும் கூடும். நாம் தரையில் தவழ்வதில்லை, கையை வாயில் வைப்பதில்லை. தரைத்தூசி முழுவதும் குழந்தைக்குத்தான் போகிறது.

கர்ப்பத்திலேயே குழந்தைக்குப் போகுமா?

போகும். காரீயத்துக்கு நச்சுக்கொடி ஒரு தடையே இல்லை. இதில் பலருக்கும் தெரியாத விஷயம், அம்மா இப்போது எந்தக் காரீயத்தையும் தொடாமல் இருந்தாலும் போகும் என்பதுதான். கால்சியம் போல நடிப்பதால் இது எலும்பில் போய்ச் சேர்ந்து பல பத்து வருடங்கள் அங்கேயே கிடக்கும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் குழந்தையின் எலும்புக்காக அம்மாவின் எலும்பு கரையும்போது, அவள் சிறுமியாக இருந்தபோது உள்ளே போனதும் சேர்ந்து வெளியே வரும். பேட்டரி உருக்கிய தெருவில் வளர்ந்த பெண், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அந்தத் தெருவைத் தன் எலும்பில் சுமந்துகொண்டுதான் போகிறாள். அதனால்தான் கர்ப்பிணிக்குக் கால்சியம் போதுமான அளவு கிடைக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம்.

இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். பாலில் போவது மிகக் குறைவு. அம்மாவின் ரத்தத்தில் அளவு மிக அதிகமாக இருந்தால் மட்டும் டாக்டர் வேறு விதமாகச் சொல்லலாம்.

எவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை?

பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது.

அமெரிக்காவில் இந்த எண் இறங்கி வந்த கதையைப் பார்த்தால் விஷயம் புரியும். 1960-களில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில், அதாவது 100 மில்லியில், 60 மைக்ரோகிராம் வரை கவலையில்லை என்றார்கள். பிறகு 40, 30, 25. 1991-ல் 10, 2012-ல் 5, 2021-ல் 3.5. ஒவ்வொரு முறையும் முந்தைய எண்ணுக்குக் கீழே இருந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது அவர்களிடமும் பாதிப்பு தெரிந்தது. அறுபதுகளில் "உங்கள் குழந்தைக்கு ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்னொரு கசப்பான உண்மை. ஏழு ஆய்வுகளில் இருந்த 1,333 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்துக் கணக்கிட்டு 2005-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் 2.4-லிருந்து 10 மைக்ரோகிராமுக்கு ஏறும்போது ஐ.க்யூ. 3.9 புள்ளி குறைகிறது. 10-லிருந்து 20-க்கு ஏறும்போது மேலும் 1.9 மட்டும். அதாவது முதலில் போகும் கொஞ்சம்தான் அதிகமாக அடிக்கிறது. "கொஞ்சம்தானே" என்று விட முடியாததற்குக் காரணம் இது.

நாலு புள்ளி ஐ.க்யூ. குறைந்தால் என்ன பெரிய நஷ்டம்?

ஒரு குழந்தையைப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஊர் முழுக்க நாலு புள்ளி இறங்கினால், தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகும், வகுப்பில் எல்லாரையும் தாண்டி ஓடும் பிள்ளைகள் அருகிவிடுவார்கள். 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, சுமார் 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. அதில் சுமார் 27 கோடிக்கு மேல் இந்தியக் குழந்தைகள்.

ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் காரீயம் அதிகம். படிப்பு குறைவது வறுமையால் என்று ஏன் சொல்லக் கூடாது?

நியாயமான கேள்வி. பல வருடம் விஞ்ஞானிகளே இதைத்தான் விவாதித்தார்கள். எனக்கு இதில் தெளிவு தந்தது நியூசிலாந்தின் டனீடின் நகரத்து ஆய்வு. 1972-73-ல் அங்கே பிறந்த குழந்தைகளை இன்று வரை தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அந்த ஊரில் காரீயம் முக்கியமாக வந்தது, அப்போது காரீயம் கலந்து விற்ற பெட்ரோலில் ஓடிய கார்களின் புகையிலிருந்து. புகைக்குப் பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்ற வித்தியாசம் இல்லை. 11 வயதில் ரத்தம் எடுத்து, அவர்களுடைய 38 வயதில் சோதித்தார்கள். சிறுவயதில் 5 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்தவர்களுக்கு ஐ.க்யூ. சுமார் 1.6 புள்ளி குறைவாக இருந்தது. அதைவிட என்னை உலுக்கியது, அவர்கள் தங்கள் பெற்றோர் இருந்த வேலைநிலையைவிடக் கீழே இறங்கியிருந்தார்கள் என்பது. வறுமை காரீயத்தைக் கொண்டுவருவது உண்மை. காரீயம் திரும்ப வறுமையைக் கொண்டுவருகிறது.

நடத்தையையும் மாற்றுமா? என் மகன் வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை.

மாற்றும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மாசசூசெட்ஸில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். பல்லும் எலும்பு மாதிரிதான், சின்ன வயதில் உள்ளே போன காரீயத்தை எழுதி வைத்திருக்கும். யார் பல்லில் எவ்வளவு என்று தெரியாத ஆசிரியர்களிடம், இந்தப் பிள்ளை கவனம் சிதறுகிறானா, சொன்னதைச் செய்கிறானா, பகல்கனவு காண்கிறானா, சட்டென்று பொறுமை இழக்கிறானா என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பல்லில் காரீயம் ஏற ஏற, ஆசிரியர்களின் புகாரும் ஏறியது. 1979-ல் இது வெளிவந்தது. 1990-ல் அதே பிள்ளைகளில் சிலரை மீண்டும் பார்த்தபோது, பல்லில் அதிகம் இருந்தவர்கள் பள்ளிப்படிப்பை முடிக்காமல் போவது ஏழு மடங்கு கூடுதலாக இருந்தது. நீடில்மேன் மீது மோசடிப் புகார் கிளப்பினார்கள். விசாரணைகளைத் தாண்டி வந்தார், அவர் கண்டது நின்றது.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் குழந்தைகளைக் கருவிலிருந்து தொடர்ந்தவர்கள், பெரியவர்களான பிறகு அவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, யோசித்து நிறுத்திக்கொள்ளும் வேலையைச் செய்யும் இடம், காரீயம் அதிகம் இருந்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது. ஆண்களுக்கு இன்னும் அதிகமாக.

நம் சென்னையிலும் பார்த்திருக்கிறார்கள். 3 முதல் 7 வயது வரை உள்ள 750-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் சராசரியே 11 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அளவு கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் கூடியிருந்தன.

இப்போது உங்கள் மகன். உட்காராத பிள்ளைக்கெல்லாம் காரீயம் காரணம் இல்லை. தூக்கம், பார்வை, காது, பரம்பரை, வயது என்று ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் பழைய பெயிண்ட் வீடோ, பக்கத்தில் பேட்டரிப் பட்டறையோ, மண் தின்னும் பழக்கமோ இருந்தால் பரிசோதித்துப் பார்ப்பது நல்லது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "மக்கு", "அடங்காதவன்" என்று அவனை அழைக்காதீர்கள். நடக்கத் தெரிவதற்கு முன்பே உள்ளே போன ஒன்றுக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?

பெட்ரோலில் காரீயம் நின்று பல வருடம் ஆகிவிட்டதே. இப்போது எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் 2000-ல் நின்றது, உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-ல். அது பெரிய வெற்றி. ஆனால் மற்ற வழிகள் அடைபடவில்லை.

முதலில் பெயிண்ட். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குழந்தைகளுக்குக் கண்பார்வை மங்கி, கை கால் விளங்காமல் போனதைப் பார்த்த கிப்ஸன் என்ற கண் மருத்துவர், வராந்தாக் கம்பிகளில் பொடிந்து நிற்கும் பெயிண்டுதான் காரணம் என்று 1904-லேயே எழுதினார். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.-க்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். நடுவே நூறு வருடத்துக்கு மேல். அதற்கு முன்னால் அடித்த கதவும் கம்பியும் தொட்டிலும் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில்தான் சேர்மானம் அதிகம்.

அடுத்தது பழைய பேட்டரி. குடிசைத் தொழிலாக உடைத்து, திறந்த அடுப்பில் உருக்கும் இடங்களைச் சுற்றிய மண்ணில் பல வருடம் தங்கியிருக்கும்.

மூன்றாவது அடுக்களை. மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற லெட் குரோமேட் என்ற சாயத்தைப் பூசுவது உண்டு. அது காரீயம் சேர்ந்த மஞ்சள் பொடி, பெயிண்டுக்கானது. வங்கதேசத்தில் இதைக் கண்டுபிடித்து, சந்தைகளில் சோதனை போட்டு, வியாபாரிகளுக்கு அபராதம் விதித்து, மக்களிடம் எடுத்துச் சொன்னார்கள். 2019-ல் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்தது, 2021-ல் ஒன்றிலும் இல்லை. இரண்டே வருடம். செய்ய மனமிருந்தால் செய்துவிட முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் இது. நீங்கள் வாங்கும்போது, கண்ணைப் பறிக்கிற மெருகு போட்ட விரலி மஞ்சளை விட்டு, மங்கலாகத் தோலோடு இருப்பதை எடுங்கள். பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த மலிவு அலுமினியப் பாத்திரங்களிலும் காரீயம் கசிவது தெரியவந்திருக்கிறது. புளிக்குழம்பை அதில் வைக்க வேண்டாம்.

சுர்மா என்ற கண்மை காரீயத் தாதுவை அரைத்துச் செய்வது. விளக்குத் திரியின் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து வீட்டில் செய்யும் மையில் காரீயம் இல்லை, ஆனாலும் பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் எதுவுமே தீட்ட வேண்டாம். கடையில் விற்கும் சில சிந்தூரங்களில் காரீய ஆக்ஸைடு உண்டு. காரீயம் சேர்த்து முடிக்கும் பற்பம், செந்தூரம் போன்ற சித்த மருந்துகளும் உண்டு. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அவற்றைத் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எப்படிப் பரிசோதிப்பது?

ரத்தப் பரிசோதனைதான் ஒரே வழி. குழந்தையைப் பார்த்துச் சொல்ல முடியாது. "பிளட் லெட் லெவல்" என்று கேளுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்ததில் அதிகமாக வந்தால் பயந்துவிடாதீர்கள், தோலில் இருந்த தூசியாலும் வரலாம். கை ரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுத்து உறுதி செய்ய வேண்டும். 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மருந்து கொடுத்து எடுத்துவிட முடியாதா?

45-க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து வரலாம். அப்போது காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தை மருத்துவமனையில் கொடுப்பார்கள். அதற்குக் கீழே? அமெரிக்காவில் 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளுக்குப் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து ரத்தத்தில் அளவைக் குறைத்தது. ஆனால் சில வருடம் கழித்து இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளின் அறிவுத்திறனிலும் நடத்தையிலும் வித்தியாசமே இல்லை. போனது திரும்பவில்லை. வரும் வழியை அடைப்பதைப் பற்றியே நான் இவ்வளவு பேசுவது இதனால்தான்.

அதற்காகக் கைவிட்டுவிட வேண்டாம். பேச்சுப் பயிற்சி, மடியில் வைத்துக் கதை சொல்வது, பொறுமையான டீச்சர், இவையெல்லாம் வளரும் மூளைக்கு உண்மையான உதவி.

சாப்பாட்டில் ஏதாவது?

இரும்புச்சத்து. இரும்பு குறைந்த குடல், இரும்பைத் தேடிக் காரீயத்தையும் சேர்த்து இழுக்கும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்கில் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை, ஈரல், பயறு, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. கால்சியத்துக்குக் கேழ்வரகு, பால், எள். டாக்டர் சொன்னால் இரும்பு டானிக். வயிறு காயாமல் நேரத்துக்குச் சாப்பாடு.

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம். மருமகள் மாசமாக இருக்கிறாள்.

நல்லவேளை, அடிப்பதற்கு முன்பே கேட்டீர்கள். புதுப் பெயிண்டைவிடப் பழையதைச் சுரண்டுவதுதான் மோசம். உப்புத்தாளைப் போட்டுக் காய்ந்த கம்பியைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் பாய், தலையணை, தொட்டில் எல்லாவற்றிலும் படியும். வளைகாப்புக்காக வீட்டைப் புதுசாக்குகிறோம் என்று சரியாக அந்த நேரத்தில் இதைச் செய்கிறோம். மருமகளையும் சின்னப் பிள்ளைகளையும் வேலை முடிந்து சுத்தம் செய்யும் வரை வேறு வீட்டில் வையுங்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். உதிர்ந்ததைப் பெருக்காமல், ஈரத்துணியால் வழித்தெடுத்துக் கட்டிப் போடுங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் பெயிண்டாக இருந்தால் சுரண்டவே வேண்டாம், மேலேயே அடித்துவிடலாம். பெயிண்டருக்கும் முகக்கவசம் கொடுங்கள், அவர் வீட்டிலும் குழந்தை இருக்கும்.

என் வீட்டுக்காரர் பேட்டரிப் பட்டறையில் வேலை பார்க்கிறார். வேறு வேலைக்குப் போக வழியில்லை.

வேலையை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் வண்டியை நிறுத்தும்போதே பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும் அல்லவா, அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் தள்ளி வையுங்கள். முடிந்தால் பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வரட்டும். முடியாவிட்டால் செருப்பும் சட்டையும் வாசலைத் தாண்டக் கூடாது. கொல்லைப்புறத்தில் தலையிலிருந்து குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அவருடைய துணியைத் தனி வாளியில் துவையுங்கள், உதறாதீர்கள், துவைத்த தண்ணீரைப் பிள்ளை விளையாடும் மண்ணில் ஊற்றாதீர்கள். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதைக் குறைத்து ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். உருக்கும் வேலையை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவர மட்டும் எந்தக் கூலிக்கும் சம்மதிக்காதீர்கள். அடுத்த மாதம் அவருக்கும் பிள்ளைக்கும் சேர்த்து ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.